கரண்ட் நின்னதும் வாங்க

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், சோமனூரில் நூற்றுச்சொச்சம் செல்போன்களில் ஒரே குரல் கேட்கும்.

"வணக்கமுங்க. நல்மேய்ப்பர் நடுநிலைப் பள்ளியின் இந்த வாரச் செய்திகள். வாசிப்பது கிருபாவதி."

மூன்றே நிமிடக் குரல்செய்தி. அதற்குள் எல்லாம் வந்துவிடும். மூன்றாம் வகுப்பு ரித்விக்குக்கு ஒரே நாளில் முன்பல் இரண்டும் விழுந்தது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கோ-கோவில் ஜெயித்துக் கோப்பையோடு வந்தது, நீலக் குடை ஒன்று கேட்பாரற்றுக் கிடப்பது, யார் வீட்டுக் கோழியோ சத்துணவுக் கூடத்துக்குள் புகுந்து முட்டையிட்டுவிட்டுப் போனது. அந்த முட்டை நியாயப்படி யாருக்குச் சேரும் என்று ஒரு வாரம் முழுக்க டீக்கடையில் வழக்கு நடந்தது. இதுவரை தீர்ப்பாகவில்லை.

கிருபாவதிக்குச் செய்தி வாசிப்பது உத்தியோகம் அல்ல. உதவிபெறும் அந்தச் சின்னப் பள்ளியில் அவள் அலுவலக உதவியாளர். மணி அடிப்பாள், பதிவேடு எடுத்துக் கொடுப்பாள், காய்ச்சல் வந்த பிள்ளையைத் தன் டிவிஎஸ் வண்டியில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவாள். பள்ளியில் இருப்பது நூற்று நாற்பத்துமூன்று பிள்ளைகள். அத்தனை பேரின் வீடும் தெரியும், வீட்டு நாயின் குணமும் தெரியும்.

அவளும் அதே பள்ளியில் எட்டாவது வரை படித்தவள்தான். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. ஒன்பதாவது என்றால் பஸ் ஏறி ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். "யோசிக்கலாம்" என்றார் அவள் அப்பா. ஒரு மாதம் யோசித்தார். அந்த ஒரு மாதம் பிள்ளை சும்மா இருப்பானேன் என்று வெங்கடம்மாளின் விசைத்தறிக் குடோனுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற அனுப்பினார்கள். அந்த ஒரு மாதம் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. தார் சுற்றியவள் தறி ஓட்டக் கற்றாள், கல்யாணம் ஆனது, மகள் ஜோவிதா பிறந்தாள், கிருபாவதி எட்டுத் தறிக்கு நடுவே நின்றுகொண்டே இருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் பள்ளியில் இந்த வேலை வந்தது. மறுநாளே சேர வேண்டும் என்றார்கள். எட்டாவது படித்திருந்தால் போதும் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தாள். தறியில் ஏற்றிய நீள நூலைப் பாவு என்பார்கள். ஒரு பாவை ஓட்டத் தொடங்கினால் அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் யாரும் வேலையை விட்டு நிற்பார்கள். எழுதி வைக்காத சட்டம் அது. கிருபாவதி பாதிப் பாவில் இறங்கிப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அன்றிலிருந்து வெங்கடம்மாள் அவளிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் மின்கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவாள்.

அது கிடக்கட்டும். பள்ளிக்கு வந்த முதல் மாதமே கிருபாவதி ஒரு பெரிய காரியம் செய்தாள்.

சோமனூரில் காலை எட்டு மணிக்குத் தறிச்சத்தம் தொடங்கினால் ராத்திரி வரை ஓயாது. வாத்தியார்கள் எல்லாரும் கத்தித்தான் பாடம் நடத்துவார்கள். பெற்றோரோ தறி ஓட்டுபவர்கள், ஒருவர் எட்டுத் தறியைப் பார்க்க வேண்டும். இங்கே அறுந்த நூலை முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால் அங்கே ஒன்று நின்றிருக்கும். இந்த லட்சணத்தில் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு யார் வருவது? அந்த மாதப் பெற்றோர் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் வேறு வேலையாக வந்தவர்கள். தலைமையாசிரியர் அமிர்தராஜ் எழுதிவைத்திருந்த பேச்சை ஒரு வரி விடாமல் அந்தப் பதினோரு பேருக்கும் வாசித்தார்.

மறுவாரம் மாதாந்திர மின்தடை நாள். காலை ஒன்பதுக்குக் கரண்ட் நின்றால் சாயங்காலம்தான் வரும். கிருபாவதி வெளியே எட்டிப் பார்த்தாள். டீக்கடை, அரசமரத்தடி, சலூன் எங்கும் அப்பன்மார்கள், அம்மாமார்கள்! ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்களா! ஓட்டமாக ஓடித் தலைமையாசிரியர் முன்னால் போய் மூச்சிரைக்க நின்றாள்.

"ஏனுங் சார், நம்ம கூட்டத்தக் கரண்ட் நிக்கற அன்னைக்கு வெச்சுப்போட்டா என்னங்க?"

"மைக்கு வேல செய்யாதேம்மா."

"மைக்கு எதுக்குங் சார்? அன்னைக்குத்தான் ஊரே சத்தமில்லாம இருக்குமுங்களே!"

அமிர்தராஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அதற்கடுத்த கூட்டத்துக்குத் தொண்ணூறு பேர் வந்தார்கள். அதோடு பள்ளியின் நாள்காட்டியே மாறிப்போனது. பெற்றோர் கூட்டம், விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாமே மின்தடை நாளில்தான். கரண்ட் போனால் தமிழ்நாடே திட்டும். நல்மேய்ப்பர் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் கைதட்டுவார்கள்.

செய்தியில் கிருபாவதி மணி எல்லாம் சொல்வதில்லை. "கரண்ட் நின்னதும் வாங்க" என்று முடித்துவிடுவாள். மணி சொன்னால் பத்து நிமிஷம் அப்படி இப்படி ஆகும். கரண்ட் அப்படியில்லை, நின்றால் நின்றதுதான். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அந்த வாசகம் அவளைக் கைவிட்டதில்லை.

இந்த மார்ச் மாதம்தான் விஷயம் சூடு பிடித்தது. பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்த நிர்வாகம் விண்ணப்பம் போட்டிருந்தது. ஒன்பதாவதும் பத்தாவதும் இங்கேயே வரும்! கல்வி அலுவலகத்திலிருந்து மோகன்குமார் என்கிற அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். ஒன்பதாவது தொடங்கினால் பிள்ளைகளை இங்கேயே சேர்ப்போம் என்று குறைந்தது எண்பது பெற்றோர் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காகிதம் சென்னைக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

கிருபாவதியின் மேசை இழுப்பறையில் ஏழு மாற்றுச் சான்றிதழ்கள் கிடந்தன. போன வருஷம் எட்டாவது முடித்தும் எந்தப் பள்ளியிலும் சேராத ஏழு பிள்ளைகளுடையது. ஏழும் பெண்பிள்ளைகள். அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் ஏழையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாள். இந்த வருஷம் ஜோவிதா எட்டாவது. பஸ்ஸில் அனுப்புவதைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவள் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார், "யோசிக்கலாம்." அப்பா சொன்ன அதே வார்த்தை.

அதிகாரியிடம் பேசி மின்தடை நாளையே தேதியாக வாங்கியது கிருபாவதிதான். அந்த வெள்ளிக்கிழமைச் செய்தியை நான்கு முறை பதிவு செய்து, நன்றாக வந்ததை அனுப்பினாள். "வர்ற செவ்வாய்க்கெழமை நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பெரிய நாளுங்க. ஒருத்தர் பாக்கியில்லாம, கரண்ட் நின்னதும் வாங்க!"

செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கே பள்ளி களைகட்டிவிட்டது. வாசலில் கோலம், மாவிலைத் தோரணம். கும்மி ஆடும் பிள்ளைகள் சலங்கையைக் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். ஜோவிதாவின் குழு பழைய நூல்கோன்களை வைத்து ஒரு காற்றாலை செய்திருந்தது. அது சுற்றவில்லை. "அதிகாரி வர்றதுக்குள்ள சுத்திருமுங்கம்மா" என்றாள் அவள், படு நம்பிக்கையோடு. பெஞ்சுகளை இழுத்து வரிசையாகப் போட்டுக் கிருபாவதி மணியைப் பார்த்தாள். எட்டு ஐம்பது.

ஒன்பது ஆனது. மின்விசிறி சுற்றியது.

ஒன்பது ஐந்து. சுற்றிக்கொண்டே இருந்தது. கிருபாவதி தலையை அண்ணாந்து அதையே பார்த்தாள். வெளியே தறிகள் ஊரை இடித்துக்கொண்டிருந்தன.

"நில்லேன்" என்று மின்விசிறியிடம் கெஞ்சினாள்.

ஒன்பது இருபதுக்கு அமிர்தராஜ் கையில் போனோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "கிருபா, மின்தடைய அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சுட்டாங்களாமா. காலைல ஏழு மணிக்கே அறிவிப்பு வந்திருச்சாம்."

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஊருக்கு வர மனசில்லாமல் இல்லை. அவள் சொன்னதைச் சொன்னபடியே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் நிற்கவில்லை, ஆகவே கூட்டம் இல்லை. மணியைச் சொல்லியிருந்தால்? ஒரே ஒரு வார்த்தை, பத்து மணி என்று சொல்லித் தொலைத்திருந்தால்?

நெற்றியில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. அவசரமாக ஒரு குரல்செய்தி அனுப்பினாள். இன்னொன்று. மூன்றாவதில் அழுகையே வந்துவிட்டது. ஒன்றையும் யாரும் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? தறிக்குடோனில் போன் சோற்றுக்கூடைக்குள் கிடக்கும், கூடை ஆணியில் தொங்கும். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலே கேட்காது.

"சார், நான் போய்ட்டு வாரேனுங்க."

"அதிகாரி பத்து மணிக்கு வந்துருவாரும்மா!"

"பேசிட்டே இருங்க சார். உங்களுக்கா பேச்சுக்குப் பஞ்சம்?"

டிவிஎஸ் வண்டி உறுமிக்கொண்டு தறிக்காரர் வீதிக்குள் நுழைந்தது. முதல் குடோனில் ஓட்டுபவர்கள் இரண்டு கையையும் விரித்தார்கள். முதலாளி சொல்லாமல் தறியை எப்படி நிறுத்துவது? முதலாளி வீதிக்கோடியைக் கை காட்டினார். வெங்கடம்மாக்கா நிறுத்தினால் நிறுத்துகிறேன் என்று அர்த்தம். இரண்டாவது குடோனிலும் அதே கை, அதே கோடி. அந்த வீதியில் கூலி உயர்வோ கோயில் நோன்போ, வெங்கடம்மாள் தலையசைத்த பிறகுதான் மற்றவர்கள் அசைப்பார்கள்.

கிருபாவதி வண்டியை வீதிக்கோடிக்கு விட்டாள். ஆறு வருஷமாக மிதிக்காத வாசலில் போய் நின்றாள்.

இருபத்துநான்கு தறிகள் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருந்தன. வெங்கடம்மாள் வாசலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கொண்டை முழுக்கப் பஞ்சு. குடோனுக்குள் காதால் யாரும் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். கிருபாவதிக்கு அது மறக்குமா?

"அக்கா, பள்ளிக்கூடத்துல கூட்டமுங்க்கா!" என்று வாயை அகட்டிச் சத்தமில்லாமல் சொன்னாள்.

வெங்கடம்மாள் தலைக்கு மேலே எரிகிற பல்பைக் காட்டினாள். ஆறு வருஷம் கழித்து அவள் உதடு அசைந்தது. "கரண்ட் நிக்கலியே."

"நிக்காதுங்க. தள்ளி வெச்சுட்டாங்க."

"அப்பக் கூட்டமும் தள்ளிப்போச்சு. உன்ற வாயாலதான சொன்னே?"

"தப்பு என்னோடதுதானுங்க்கா. ஒரே ஒரு மணி நேரம் மெயின எறக்குங்க. நீங்க எறக்குனா வீதியே எறக்குமுங்க." மெயின் சுவிட்சைக் கீழே இழுப்பதுபோல் கையால் இழுத்துக் காட்டினாள்.

வெங்கடம்மாள் தறிகளின் பக்கம் முகத்தைத் திருப்பி மறுபடி இவள் பக்கம் திரும்பினாள். "புதுப் பாவு பாதி ஓடுது. பாதிப் பாவுல எந்திரிச்சுப் போறது உனக்குத்தான் வழக்கம். எனக்கில்ல."

சத்தமில்லாமல் வாங்கிய அறை அது. கிருபாவதி தலை குனிந்தாள். உடனே நிமிர்ந்தாள். இப்போது மானம் பார்க்க நேரமில்லை.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்புங்க்கா. ஆறு வருசமா மனசுல கெடக்குது. என்றமேல கோவத்த வெச்சுக்குங்க. ஆனா என்ற மேசைல ஏழு புள்ளைங்க டிசி கெடக்குதுங்க்கா. ஏழும் பொட்டப் புள்ளைங்க. இன்னைக்கு விட்டா எட்டாவதா என்ற புள்ளையோடதும் சேந்துருமுங்க."

வெங்கடம்மாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தறிகளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். முதுகு தெரிந்தது. உள்ளே ஓட்டிக்கொண்டிருந்த மூன்று பேரும் இவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உதடு பார்த்துப் பேசுகிற இடத்தில் ரகசியம் ஏது? எல்லாரும் எல்லாவற்றையும் படித்துவிட்டார்கள்.

கிருபாவதி வண்டியைத் திருப்பினாள். வழியெல்லாம் கண் கரித்தது. யாரைக் குற்றம் சொல்வது? தன் வாயைத்தான்.

பள்ளியில் மோகன்குமார் வந்து அரைமணி ஆகியிருந்தது. கும்மி முடிந்து, காற்றாலை கடைசிவரை சுற்றாமல் கைதட்டு வாங்கியிருந்தது. பெஞ்சுகளில் ஒன்பது பேர் இருந்தார்கள். அமிர்தராஜ் மைக்கைப் பிடித்துத் தறிச்சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார்.

"ஏனுங்க, பெத்தவங்களுக்கு ஆர்வமில்லீங்களே" என்றார் பக்கத்தில் வந்து நின்ற கிருபாவதியிடம், வருத்தமாகவே. "நான் பாத்ததத்தான எழுத முடியும்?"

ஜோவிதா காற்றாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அப்போதுதான் அமிர்தராஜின் குரல் திடீரென்று பெரிதானது. "இந்தப் பகுதிப் பிள்ளைகளின் எதிர்காலம்!" என்று அவர் கத்தியது ஊருக்கே கேட்டது. அவரே மிரண்டுபோய் நிறுத்தினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். டொக், டொக் என்று தெளிவாகக் கேட்டது. எங்கோ ஒரு காக்கை கத்தியது. கரண்ட் இருக்கிற நாளில் அந்தப் பள்ளியில் காக்கைச் சத்தத்தைக் கேட்டவர் யாரும் இல்லை.

கிருபாவதி காதைத் தீட்டினாள். மேற்கே ஒரு குடோன் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. கிழக்கே இன்னொன்று தடதடத்து ஓய்ந்தது.

"கரண்ட் போயிருச்சுங்களா?" என்றார் மோகன்குமார்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

வாசல் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் கிளம்பியது. "அப்பா! எங்கப்பா!" "எங்கம்மா வர்றாங்க!" கிருபாவதி ஓடிப்போய்ப் பார்த்தாள். வீதி நிறைய ஆட்கள்! தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விசேஷ வீட்டுக்கு நேரம் கழித்து வருகிறவர்கள்போல் வேகுவேகென்று வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அவள் வீட்டுக்காரரும் இருந்தார். எல்லாருக்கும் முன்னால் செருப்புக்கூட இல்லாமல் வெங்கடம்மாள்.

"அக்கா வாசவாசலா வந்து கைய இழுத்துக் காட்டிப்போட்டாங்க. எவன் மாட்டேங்கறது?" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வெங்கடம்மாள் நேராக அதிகாரி முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சுக்குங்க, நேரமாகிப்போச்சு. கரண்ட் நின்னதும் வரச் சொல்லி இந்த அம்மணி செய்தில சொல்லுச்சுங்க. அது நிக்கற மாதிரித் தெரியல. அதான் நாங்களே நிறுத்திப்போட்டு வந்தமுங்க."

பெஞ்சுகள் சிரிப்பில் அதிர்ந்தன. மோகன்குமாரும் சிரித்துவிட்டார். பையிலிருந்த பேனாவை மறுபடி எடுத்தார்.

வெங்கடம்மாள் கிருபாவதியின் பக்கம் திரும்பினாள். இந்தமுறை உதட்டால் அல்ல, எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டே சொன்னாள். "பாதிப் பாவுல எந்திரிச்சு வந்திருக்கறேன். பாத்துக்க." பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "வெள்ளிக்கெழம உன்ற செய்தியக் கேக்காம எனக்குச் சோறு எறங்கறதில்ல அம்மணி. அந்தக் கோழிமுட்ட கடைசில யாருக்குத்தான் போச்சு?"

கிருபாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கையெழுத்துத் தாளை எடுத்து நீட்டினாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கொண்டுவந்த தாள் தீர்ந்து, பிள்ளைகளின் நோட்டில் கோடு போட்டுக் கிழித்துக் கொடுத்தார்கள். எண்பது எப்போது தாண்டியது என்று யாரும் பார்க்கவில்லை. நூற்றுப்பன்னிரண்டில் வரிசை முடிந்தது.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் அதிகாரி.

"அம்மா, நீங்க போடலியே!" என்றாள் ஜோவிதா.

ஆமாம், அவளும் ஒரு பெற்றோர்தானே! காலையிலிருந்து ஊரை அழைக்கிற பதற்றத்தில் அது மறந்தே போயிருந்தது. கிருபாவதி பேனாவை வாங்கினாள். பிள்ளையின் பெயர்: ஜோவிதா. பெற்றோர் பெயர்: கிருபாவதி. மூன்றாவது கட்டத்தில் பெற்றோரின் படிப்பு என்று போட்டிருந்தது. அங்கே பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினாள்: எட்டாம் வகுப்பு, இதே பள்ளி.

"சட்டுனு போடு அம்மணி" என்றாள் பின்னால் நின்ற வெங்கடம்மாள். "நான் போய் மெயினப் போடோணும்."